தொல்லை கொடுக்காத நோயாளி

எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் யாருக்கும் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. வாட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நர்ஸ் மிஸ்ஸிமார் சொன்னார்கள், சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான். அவள் அப்படி அமைதியாகக் கிடந்ததே ஒரு நோயாக இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வயதான அம்மாவையோ அப்பாவையோ முதுகு ஒப்பரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிற பிள்ளை யாராவது படித்தால் போதும். அம்மா இப்போது உள்ளறையில் தூங்குகிறாள். எனக்கு இன்னும் களைப்பு தீரவில்லை. கோர்வையாக எழுத வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் இருந்தவர். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நான் கடைக்குட்டி. கெம்பஸில் விஞ்ஞானம் படிக்கிறேன், இரண்டாம் வருஷம். எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற ஆள். 'இவளுக்கு வாய்க்குள்ள ஒரு பேட்டரி இருக்கு' என்று அண்ணன் சொல்வான்.

அம்மாவுக்கு முதலில் கால்தான். கடைக்குப் போகும் வழியில் நின்று நின்று போவாள். குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றால் கொஞ்சம் ஆறும், நிமிர்ந்தால் மறுபடி கால் மரத்துப்போகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார்கள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு சரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகுதான் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பது, எக்ஸ்ரே, ஸ்கேனுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பது, மறுபடி கிளினிக் வாங்கு. காலை முதல் பஸ்ஸில் இறங்கி, மாலை கடைசி பஸ்ஸில் ஏறுவோம். மடுல்சீமை ரோட்டில் ஒவ்வொரு குழியும் அம்மாவின் இடுப்பில் இடிக்கும். ஒரு சத்தம் வராது அவளிடமிருந்து.

முதுகெலும்புக்கு நடுவே நரம்புகள் போகிற பாதை ஒன்று இருக்கிறது. வயதாக ஆக, சுமந்து சுமந்து, அந்தப் பாதையின் சுவர்கள் தடித்து உள்ளே இடம் குறைந்துவிடும். துரு ஏறிய குழாய் மாதிரி. பின்பக்கத்து எலும்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஒப்பரேஷன் அவ்வளவுதான் என்றார் டொக்டர். பிறகு நிறையக் கேள்விகள் கேட்டார். குடி உண்டா, புகையிலை உண்டா, காது கேட்குமா, கண் தெரியுமா, இரவில் தூக்கம் எப்படி, ஞாபக மறதி உண்டா, சலம் சரியாகப் போகிறதா. வயதானவர்களில் சிலருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் புத்தி குழம்பலாம், முன்கூட்டியே தெரிந்தால் கவனித்துக்கொள்ளலாம் என்றார். நான் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும், "ஒண்ணும் இல்லீங்க," என்றாள். நான் அதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போன அன்று பஸ்ஸிலேயே அப்பா அவளுக்குப் பாடம் எடுத்தார். அது வலிக்கிறது இது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்காதே, என்ன கேட்டாலும் ஆமாங்க என்று சொல், அவர்கள் மனசு கோணக்கூடாது.

அம்மா சிரித்தாள். "எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களாக்கும். இத்தன வருசமா கொழுந்து நிறுக்கிற எடத்துல வேற என்னத்த சொன்னேன்."

வெளியாட்களுக்கு இது விளங்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஈரத்துக்கு இவ்வளவு கழித்தேன் என்று கணக்கப்பிள்ளை சொன்னால் சரிங்க என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேசியவளுக்கு மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எட்டாத மலை விழும், அட்டைக் கடி உள்ள மலை. அம்மா ஒருநாளும் எட்டாத மலைக்குப் போனதில்லை. அது அவளுடைய சாமர்த்தியம்.

ஒப்பரேஷன் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. நானும் அப்பாவும் வெளியே படிக்கட்டில் இருந்தோம். அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது ஒரு மிஸ்ஸி வந்து, கால் பெருவிரலை ஆட்டினாங்க என்றார். கால் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமாம். அப்பா பேப்பரை மடித்து இன்னும் மடித்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டார்.

பெண்கள் வாட்டில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஹாலிஎலப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர். அவருக்கும் முதுகு ஒப்பரேஷன்தான். கூட நின்றவர் மகள், குசும் அக்கா. அம்மாவின் ஒப்பரேஷனுக்கு மறுநாள் அந்த அம்மா ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். கூரையில் பூனைகள் நடப்பதாகச் சொன்னார். மகளைப் பார்த்து, நீ யார், என் காணியை எழுதி வாங்க வந்தவளா என்று கத்தினார். குசும் அக்கா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ பிடித்துவிட்டது, நூல் கட்ட வேண்டும் என்று வாட்டில் யாரோ சொன்னார்கள்.

சுற்றி வந்த இளம் டொக்டரம்மா குசும் அக்காவைத் தனியாகக் கூட்டிப்போய் விளக்கினார். நான் சும்மா நிற்பேனா, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். பிறகு என் பங்குக்கும் கேள்வி கேட்டேன். டொக்டரம்மா சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் அல்ல, முதுமை மறதியும் அல்ல. திடீரென்று வரும், ஏறி இறங்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு நடக்கும்போது மூளை தடுமாறுவதுதான். வயது கூடக் கூட ஆபத்து கூடும். முன்பே மறதி இருந்தவர்கள், குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தியவர்கள், கண்ணும் காதும் மங்கியவர்கள், பல மாத்திரை போடுகிறவர்கள், இவர்களுக்கு இன்னும் கூடும். நீண்ட ஒப்பரேஷன், ரத்தம் போவது, அடங்காத வலி, வலிக்குக் கொடுக்கும் கடும் மருந்து, தூக்கமில்லாமை, தண்ணீர் வற்றிப்போவது, ரத்தத்தில் உப்பு குறைவது, சலம் அடைத்துக்கொள்வது, கிருமி. ஒன்று மட்டும் என்றால் மூளை தாங்கும். இரண்டு மூன்று சேர்ந்தால்தான் சரியும்.

நான் அவ்வளவையும் கைபேசியில் குறித்துக்கொண்டேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி, கையை வயிற்றின் மேல் வைத்து ஒழுங்காகப் படுத்திருந்தாள். எங்கள் அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி.

சிறுநீர் போக ஒப்பரேஷனின்போது போட்ட சலக் குழாயை எடுத்துவிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் மிஸ்ஸி. அம்மா உதட்டை நனைத்துவிட்டுப் போதும் என்பாள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. காலையில் பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்து முடியும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடிக்காமல் இருந்து இருந்து தாகம் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும். அறிமுகமில்லாத ஆட்கள் நடமாடும் வாட்டில், கட்டிலிலேயே சட்டி வைத்துக்கொள்வதைவிடக் குடிக்காமல் இருப்பதுதான் அம்மாவுக்கு லேசு. சட்டி வேண்டுமா என்று மிஸ்ஸி கேட்டால் தலையாட்டுவாள், வைத்தால் ஒன்றும் வராது, எடுத்துப் போவார்கள்.

ரவுண்ட்ஸ் வந்தவர்கள் வலி குறைவா என்று கேட்டார்கள். "ஓவ் நோனா," என்றாள். சிங்களத்தில் ஓவ் என்றால் ஆமாம், நோனா என்றால் அம்மணி, அவளுக்குத் தெரிந்த சில சொற்கள் அவை. சாப்பிட்டீங்களா, ஓவ். தூங்கினீங்களா, ஓவ். நாளைக்கு டிக்கட் வெட்டலாம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்புவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்பா அன்று பின்னேரமே வேனுக்குச் சொல்லிவிட்டார்.

அந்தப் பின்னேரத்தில் குசும் அக்கா என் தோளைத் தொட்டார். அவருடைய அம்மா அதற்குள் தெளியத் தொடங்கியிருந்தார். நங்கி, அதாவது தங்கச்சி, ஒன்று சொன்னால் கோபிக்காதே என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். என் அம்மா சத்தம் போட்டதால் எல்லோரும் ஓடி வந்தார்கள், உன் அம்மா சத்தமே போடவில்லை, ஆனால் நேற்று முதல் சாப்பாட்டுத் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார்.

நான் அம்மாவின் காதருகே குனிந்தேன். அண்ணன் வந்துவிட்டுப் போனானா என்று கேட்டேன். ஆமா என்றாள். அண்ணன் வரவேயில்லை. இது நம் வீடுதானே என்றேன். ஆமா. நான் யாரென்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் வேறு மாதிரிக் கேட்டேன்.

"எம் பேரு செல்லம்மாதானே?"

"ஆமாங்க."

செல்லம்மா என்ற பெயரில் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அதைவிட அந்த 'ங்க'தான் என்னைத் தூக்கிப் போட்டது. பெற்ற மகளுக்கு யாராவது ஆமாங்க சொல்வார்களா?

அப்பா வந்ததும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ஊசி மயக்கம், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றார். நான் கைபேசியில் குறித்ததைக் காட்டிக் காட்டி விளக்கினேன். கிருமி என்றேன், உப்பு என்றேன். நான் பேசப் பேச அவர் முகம் இறுகியது.

"நல்லா இருக்கிறவள நீயே பைத்தியம்னு எழுதிக் குடுத்துடாத. அப்புறம் அந்த வாட்டுல கொண்டுபோய்ப் போட்டா, நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

அவருடைய பயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய்விட்டால் யாரும் அவளை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று நினைத்தார். என் பயம் அந்த ரோட்டைப் பற்றியது. மழை பெய்தால் எங்கள் தோட்டத்துக்கு வேன் ஏறாது. இந்த நிலையில் அவளை அங்கே கொண்டுபோய், ராவோடு ராவாக ஏதாவது ஆனால், நல்ல நோயாளி என்று பெயர் வாங்கிக்கொண்டே செத்துப்போவாள். இரண்டு பேரும் ஒரே ஆளைக் காப்பாற்றத்தான் சண்டை போட்டுக்கொண்டோம். குரலைத் தாழ்த்திச் சண்டை போடுவது பெரிய களைப்பு.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அந்த இளம் டொக்டரம்மாதான் வந்தார். வலி இருக்கா என்று தமிழிலேயே கேட்டார். இல்லீங்க என்றாள் அம்மா. அவர் பேனாவை எடுத்தார். அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார்.

எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரியில் வலியை இல்லை என்பார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள் டொக்டர், ஆமாம் என்று சொன்னால் பிழையாகப் போகிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"அம்மா, கல்லு தண்ணியில மெதக்குமா?"

"ஓவ் நோனா," என்றாள் அம்மா. மிகவும் மரியாதையாக.

யாரும் சிரிக்கவில்லை. டொக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் 'அ' என்று சொல்லும்போது மட்டும் கையை அழுத்துங்கள் என்று சொல்லி, எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அம்மா ஒரு தடவை அழுத்தினாள், பிறகு அழுத்திக்கொண்டே இருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். அடிவயிற்றில் கை வைத்ததும் அவள் முகம் சுருங்கியது. சத்தம் இல்லை. தொப்புள் வரை உப்பியிருந்தது. சலம் உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. மறுபடி குழாய் போட்டார்கள். பையில் இறங்கியது கடும் தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். உப்பு குறைந்திருந்தது, சலத்தில் கிருமி.

டெலிரியத்தில் இரண்டு மாதிரி உண்டு என்றார் டொக்டரம்மா. ஒன்று, கத்திப் பிடுங்குவது. மற்றது, இப்படி அடங்கிக் கிடப்பது. அடங்கிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், அதனால் அதுதான் ஆபத்து கூடியது. கூட இருக்கிறவர்கள் சொன்னால்தான் உண்டு. பிறகு கேட்டார், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். அரிப்புக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை. அதைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்று அம்மா சொல்வாள். பார்க்க வருகிற பின்னேரமெல்லாம் ஒன்று கொடுத்திருக்கிறார்.

"தூங்கட்டும்னுதான் குடுத்தேன்," என்றார். என்னிடம்தான் சொன்னார், டொக்டரிடம் அல்ல.

வயதானவர்களுக்கு அந்த மாத்திரை சலத்தை அடைக்கும், மூளையையும் மந்தமாக்கும் என்று டொக்டரம்மா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அநேகம் பேர் இப்படிக் கொடுக்கிறார்கள், சின்ன மாத்திரை என்பதால் அதை மருந்தாகவே நினைப்பதில்லை என்றார். அப்பா காகிதத்தை மறுபடி மடிக்கப் பார்த்தார், பிறகு அதை டொக்டரம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். வேன்காரருக்கு நான் போன் பண்ணி வர வேண்டாம் என்றேன். அப்பா தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் உண்மையில் நீளமானவை. மருந்து ஒரு பக்கம், மற்றதெல்லாம் எங்கள் வேலை. தொலைந்துவிடும் என்று வீட்டிலேயே விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அப்பா மடுல்சீமைக்குப் போனார், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். பகலில் தூங்கவிடாமல் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தோம். கட்டிலுக்கு வரும்போதெல்லாம் நான் யார், இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். என் பேட்டரி முதல் தடவையாக எதற்கோ உதவியது. கரண்டி கரண்டியாகத் தண்ணீர். குழாயை மறுபடி எடுத்த பிறகு சட்டி வைக்கும் நேரம் குசும் அக்கா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பி நிற்பார். அந்த மறைப்புக்குள் நானும் அம்மாவும் மட்டும். அப்போதுதான் அவளுக்கு வந்தது.

நேராக ஏறி வருகிற குணமல்ல இது. ஒரு பின்னேரம் என் பெயரைச் சரியாகச் சொல்வாள். நான் சந்தோஷத்தில் அண்ணனுக்குப் போன் பண்ணுவேன். விடிந்து பார்த்தால் மறுபடி ஆமாங்க. படியேறி வழுக்கி, படியேறி வழுக்கி, கடைசியில் எனக்கு நம்பிக்கை என்பதே ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. கெம்பஸில் பரீட்சை தொடங்கியிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை அப்பா தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளே வந்தார். அம்மா கண்ணாடியைச் சரிபண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, மொகத்த வழிக்காம இப்புடியா நாலு பேரு இருக்கிற எடத்துக்கு வருவீங்க?"

அப்பா போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் வழித்திருந்தது, தாடையில் ஒரு வெட்டுக்காயம். எங்கே போய் வழித்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். கால் மரப்பது குறைந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். கிழமை சில நேரம் மாறிப்போகிறது. அடுப்பில் வைத்ததை மறக்கிறாள். முழுதாக வர மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் குறையாகவே நின்றுவிடுவதும் உண்டு என்று டொக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், நல்ல செய்தியை மட்டும் சொல்லி யாரையும் ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

நேற்று தலை வாரிவிடும்போது, அந்த நாட்களில் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"எங்கிட்டு இருக்கேன்னு தெரியல. எல்லாம் வெள்ள வெள்ளயா, பனி மூடுன மல மாதிரி. யாரோ ஒரு நல்ல வீட்டுப் புள்ள மட்டும் தண்ணி குடி, தண்ணி குடின்னு பக்கத்துலயே நின்னுச்சு. பாவம், கண்ணெல்லாம் உள்ள போயி. அந்தப் புள்ள மனசு நோகக் கூடாதேன்னு, அது என்ன கேட்டாலும் ஆமாங்க ஆமாங்கன்னேன்."

அது நான்தான் அம்மா என்றேன்.

அம்மா சீப்பைப் பிடித்திருந்த என் கையை நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"அத்தன நாளும் ஒனக்கு யாருடி சோறு குடுத்தா?"

எனக்கு ஞாபகம் வரவில்லை.